வடித்தெடுத்த விஷம் யாருடையது?

கடலூரிலிருந்து சிதம்பரத்திற்கு மோட்டாரில் செல்பவர்கள், ஊரைத் தாண்டிய சில நிமிஷங்களில் ரசாயனத் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளைக் காண்பார்கள். உப்பனாற்றின் கரையோரமாக 1980-களில் ஏற்பட்ட சிப்காட் தொழிற்பேட்டை அது. அதை ஒட்டியே குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் முதலிய கிராமங்கள் இருக்கின்றன. அங்கே கிணறுகளும் இருக்கின்றன. கிணறுகளில் ஜலமும் இருக்கிறது. ஆயினும் பல தெருக்களில் அந்த ஜலத்தை மாட்டுக்கும் காட்ட அஞ்சுகிறார்கள். குடிப்பதற்கு வெளியிடத்திலிருந்து வரும் குழாயை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைக்கிறார்கள். கிணறு வற்றியதால் தண்ணீருக்குத் தவிப்பது நமது நாட்டிற்குப் புதிதன்று. கிணறு ஊறிக்கொண்டிருக்கும்போதே தவிப்பது நம் தலைமுறை கண்ட புதுமை.

ஜலத்தில் கரைந்து, கண்ணுக்கும் நாவிற்கும் தெரியாமல் மறைந்திருக்கும் உலோக விஷங்களைப் பிரித்தெடுப்பது எப்படி என்ற ஆராய்ச்சி உலகெங்கும் தீவிரமாக நடந்து வருகிறது. அவற்றிலும் மிகக் கடினமானது, கதிரியக்கமுள்ள உலோகங்களைப் பிரிப்பது. நமது சர்வகலாசாலைகளிலும் இத்துறையில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். இவ்விஷயம் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியது என்று பொதுஜனங்கள் ஒதுக்கிவிடலாகாது. இதில் ரசாயனம் பாதி, நியாயம் பாதி. இரண்டாவது பாதியைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒரு வரியும் காண்பது அரிதாயிருப்பதால் நாம் எழுத நேர்கிறது.

முதற்பாதியைச் சுருக்கமாகச் சொல்லுவோம். ஆற்றில் புதுவெள்ளம் வந்து தண்ணீர் கலங்கினால், நமது பாட்டிமார் தேற்றாங்கொட்டையை எடுத்துக் குடத்தின் உட்புறத்தில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து விடுவார்கள். கலங்கல் திரண்டு அடியில் படியும்; மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். ஆனால் சேறு வேறு, உப்பு வேறு. கரைந்த உப்பு எந்தக் கொட்டைக்கும் படியாது. சீசியம், ஸ்ட்ரான்ஷியம், யுரேனியம் போன்ற உலோகங்கள் ஜலத்தில் அயனிகளாக, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களாக, உப்பைப் போலவே கரைந்து நிற்பவை. வடிகட்டினால் துணியில் தங்கா, காய்ச்சினால் அழியா. இவற்றைப் பிடிக்க வேண்டுமானால், தன் பரப்பிலோ உள்ளறைகளிலோ அந்த அயனியைப் பற்றி இழுத்துக்கொண்டு, வேறு தீங்கற்ற அயனியை வெளியே விடும் திடப்பொருள் ஒன்று வேண்டும். அதையே உறிஞ்சி என்கிறோம்.

இவ்வகைப் பொருள்களில் பிரசித்தி பெற்றது, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் சாயமாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம். சித்திரக்காரர்களுக்காகப் பிறந்த இப்பொருளின் உள்ளமைப்பில் இருக்கும் சிறு அறைகள், சீசியம் அயனிக்கென்றே அளவெடுத்துச் செய்தவை போல் அமைந்திருக்கின்றன. 1987-ஆம் ஆண்டில் பிரேஸில் தேசத்துக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு வைத்திய நிலையத்திலிருந்து சீசியம் அடங்கிய கருவியைப் பழைய இரும்பென்று எண்ணிச் சிலர் எடுத்துச் சென்று உடைத்தார்கள். இருட்டில் நீல ஒளி வீசிய அந்தப் பொடியை அண்டை வீட்டாருக்கும் குழந்தைகளுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். நால்வர் மாண்டனர், அவர்களில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. இருநூறு பேருக்கு மேற்பட்டவர்கள் மீது நஞ்சு பட்டிருந்தது. அவர்களில் உடலுக்குள் சீசியம் சென்றுவிட்டவர்களுக்கு மருந்தாகக் கொடுத்தது இந்தப் பிரஷ்ய நீலமே. அது குடலில் சீசியத்தைப் பற்றிக்கொண்டு வெளியேறிற்று.

இவ்வளவு நல்ல பொருளுக்கு ஒரு குறை உண்டு. அது மாவினும் நுண்ணிய பொடி. குழாயில் நிரப்பி ஜலத்தைப் பாய்ச்சினால் ஒன்று குழாயை அடைத்துக்கொள்ளும், அல்லது ஜலத்தோடு தானும் ஓடிவிடும். ஓடினால், பற்றிய விஷத்தையும் கூடவே கொண்டுபோகும். ஆகவேதான் அதனை மற்றொரு பொருளில் பொதிந்து மணிமணியாகத் திரட்டும் முறை ஏற்பட்டது. இதுவே கூட்டு உறிஞ்சி எனப்படுவது. பற்றுவது ஒன்று, தாங்குவது மற்றொன்று. தாங்கும் பொருளாகச் செயற்கை இழைப்பசைகளையும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டையும், இறால் நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் கைட்டோசானையும் கையாளுகிறார்கள். இரும்பு ஆக்ஸைடைச் சிறிது சேர்த்து, வேலை முடிந்ததும் காந்தத்தால் மணிகளை இழுத்துக்கொள்ளும் யுக்தியும் உண்டு.

கைட்டோசான் என்றவுடன் நமது கரையோரத்து நினைவு வருகிறது. கடலூர் துறைமுகத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரையில் இறால் ஓடு குப்பையாகக் கொட்டப்படும் பொருள். அதன் நாற்றத்தை அறியாதார் இல்லை. அந்த ஓட்டை அமிலத்தில் இட்டுச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் இட்டுப் புரதத்தை நீக்கி, மறுபடியும் கடுங்காரத்தில் காய்ச்சினால் கிடைப்பது கைட்டோசான். செம்பு, ஈயம், யுரேனியம் முதலியவற்றைத் தானே பற்றும் குணமும் அதற்கு உண்டு. சீசியத்தை மட்டும் பற்றாது. அதற்கு உள்ளே பிரஷ்ய நீல இனத்துப் பொருள் இருந்தாக வேண்டும். பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலை சர்வகலாசாலையின் கடல் உயிரியல் உயராய்வு நிலையம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மைல் தூரத்தில் சிதம்பரத்தில் ரசாயனக் கூடங்கள் இருக்கின்றன. மூலப்பொருளும், அறிஞரும், விஷம் கலந்த ஜலமும் ஒரே ஜில்லாவின் எல்லைகளில் அடுத்தடுத்து அமைந்த இடம் இந்தியாவில் அதிகம் இராது. விரும்பத்தக்க பாக்கியமோ என்றால், மூன்றாவதை விட்டுச் சொல்ல வேண்டும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கடலூர் ஜில்லாவில் அணு உலை எதுவும் இல்லை. சிப்காட் கிராமங்களின் கிணறுகளைக் கெடுத்தது ரசாயனக் கழிவே யன்றிக் கதிரியக்கம் அன்று. பீதியைக் கிளப்பிப் பத்திரிகை விற்பது நமது தொழிலன்று. ஆயினும் மூன்று காரணங்களால் இந்த ஜில்லா இவ்விஷயத்தில் அக்கறை கொள்ள வேண்டியிருக்கிறது.

நெய்வேலி முதலாவது. அங்கே 1962 முதல் பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரமாகிறது. நிலக்கரி எவ்வகையானாலும் அதில் யுரேனியமும் தோரியமும் சொற்பம் உண்டு; கரி எரிந்துபோக, அவை சாம்பலில் செறிந்து நிற்கின்றன. சுரங்கத்தின் அடியிலுள்ள ஊற்று நீரை ஓயாமல் இறைத்தால்தான் கரியை வெட்ட முடியும் என்பதால், இறைத்த ஜலம் பரவனாற்றிலும் வாலாஜா ஏரியிலும் பெருமாள் ஏரியிலும் விடப்படுகிறது. வயலும் மாடும் மனிதரும் அதைக் கொள்கிறார்கள். இவ்வேரிகளில் யுரேனியம் வரம்பைத் தாண்டியது என்று நாம் சொல்ல வரவில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று வரம்பு கட்டியிருக்கிறது. நமது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 என்று வைத்திருந்தது. பிறகு இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் குடிநீருக்கு 30-ஐயே ஏற்றது. இந்த வரம்பும் பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு ஏற்படும் கெடுதியை உத்தேசித்தே அன்றிக் கதிரை உத்தேசித்தன்று. வரம்புக்குள் இருக்கிறதா என்பதை ஏரிவாரியாக, பருவந்தோறும் அளந்து, தமிழில் அச்சிட்டுப் பஞ்சாயத்துச் சாவடியில் ஒட்டினால் நமக்கும் ஆறுதல், நிர்வாகத்திற்கும் கௌரவம்.

இரண்டாவது கல்பாக்கம். கடலூரிலிருந்து வடக்கே நூறு மைலுக்கும் குறைந்த தூரத்தில், இதே கடற்கரையில் 1980-கள் முதல் அணுமின் நிலையம் நடக்கிறது. அதன் அருகே எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலையும் கழிவு நிர்வாக நிலையமும் இருக்கின்றன. அங்குள்ளவர்கள் திறமைசாலிகள், மெலிந்த திரவக் கழிவிலிருந்து சீசியத்தை ரசாயன முறையில் படியவைத்துப் பிரிக்கும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. ஆயினும் 2003 ஜனவரியில் அந்த மறுசுத்திகரிப்பு ஆலையில் ஊழியர் அறுவர் மிகையான கதிருக்கு ஆளான செய்தி, பல மாதங்கள் கழித்தே நாட்டுக்குத் தெரிந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை கல்பாக்கத்தையும் தாக்கிற்று, தேவனாம்பட்டினத்தையும் தாக்கிற்று. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. நமது ஜில்லாவில் அறுநூறு உயிர்களுக்கு மேல் போயின. கடலுக்கு ஜில்லா எல்லை கிடையாது என்பதை அன்று கற்றோம்.

மூன்றாவது, சட்டம். 2025 டிசம்பரில் பாராளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம், 1962-ஆம் வருஷத்துச் சட்டத்தை நீக்கி, தனியார் கம்பெனிகளும் அணுமின் நிலையம் அமைத்து நடத்த வழி திறந்திருக்கிறது. செலவழிந்த எரிபொருளை மறுசுத்திகரிப்பதும் அதனின்று பிறக்கும் கடுங்கழிவும் சர்க்கார் வசமே என்கிறார்கள். நல்லது. அன்றாடம் எழும் மெலிந்த கழிவும், அதை வடித்த உறிஞ்சியும் எவர் கையில், எத்தனை காலம், எவர் செலவில் என்பதைச் சந்தேகத்திற்கு இடமின்றி விதிகளில் எழுதும் காலம் இதுவே. பத்து ஆண்டு கழித்து வழக்கு மன்றத்தில் எழுதுவதைவிட இப்போது எழுதுவது மலிவு. வக்கீல் தொழில் செய்தவர்கள் இதை அறிவார்கள்.

இனி ஆராய்ச்சியாளரிடம் நமது முறையீடு. உலகெங்கும் வெளிவரும் கூட்டு உறிஞ்சிக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் பரீட்சை ஒரே விதமாக இருக்கிறது. காய்ச்சி வடித்த சுத்த ஜலத்தில் கதிரியக்கமற்ற ஒரு சீசிய உப்பை மட்டும் கரைத்து, சிறு குடுவையில் உறிஞ்சியைப் போட்டுக் குலுக்கி, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போயிற்று, தொண்ணூற்றொன்பது போயிற்று என்று எழுதுவது. குடுவை தப்பு என்று நாம் சொல்லவில்லை. எல்லா வித்தையும் அங்கேதான் தொடங்கும். ஆனால் உப்பனாற்றின் முகத்துவாரத்து ஜலத்தில் சோடியமும் பொட்டாஷியமும் மக்னீஷியமும் நிறைந்திருக்கின்றன. கடல் நீரில் ஒரு கிலோவுக்குப் பத்துக் கிராமுக்கு மேல் சோடியம் மட்டும் உண்டு. அத்தனை கூட்டத்தில் ஒரு துளி சீசியத்தைத் தேடிப் பிடிக்கவல்லதே உறிஞ்சி. சுத்த ஜலத்தில் தேறியது, வைகாசி மாதத்து உப்பங்கழியில் தோற்றால் அதனால் யாருக்கு என்ன பயன்? மணிகள் எத்தனை நாள் உடையாமல் நிற்கும், அமிலம் பட்டால் கரையுமா, ஆற்றுச் சேறு மூடினால் என்ன ஆகும் என்பவற்றைத் தொடர்ந்து ஓடும் ஜலத்தில், மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். பல கட்டுரைகள் அதற்குமுன் முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன.

இது முடியாத காரியம் என்பார்க்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பிரதீப்பும் அவருடைய குழுவினரும் இரும்புச் சேர்மத்தைக் கைட்டோசானில் பொதிந்து செய்த கூட்டுப்பொருள், ஆர்ஸனிக் என்ற பாஷாணம் கலந்த கிணறுகளின் ஜலத்தைச் சுத்தி செய்யப் பல மாகாணங்களில் பயன்படுகிறது. அது கதிரியக்கப் பொருளுக்கானதன்று. எனினும் இறால் ஓட்டிலிருந்து ஊர்க் குழாய் வரையில் வழி உண்டு என்பதைக் காட்டிவிட்டது.

இப்போது நியாயத்தின் பாதிக்கு வருவோம்.

உறிஞ்சி விஷத்தை அழிப்பதில்லை. கதிரியக்கத்தைத் தணிக்க நெருப்பாலும் ஆகாது, அமிலத்தாலும் ஆகாது. காலம் ஒன்றே தணிக்கும். ஆயிரம் குடம் ஜலத்தில் பரவிக் கிடந்ததை ஒரு குடம் மணிகளில் திரட்டித் தருவதோடு உறிஞ்சியின் வேலை முடிந்தது. ஜலம் தெளிந்தது உண்மை. மணிகள், முன்பு அந்த ஜலம் இருந்ததைவிட ஆயிரம் மடங்கு கொடியவையாகிவிட்டன என்பதும் அவ்வளவு உண்மை. தேற்றாங்கொட்டையில் படிந்த சேற்றை வாழைக்கன்றின் அடியில் ஊற்றினோம். இதை எங்கே ஊற்றுவது?

ஜப்பான் தேசத்து ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் மாதத்தில் உலைகள் உருகியபோது, அவற்றைக் குளிர்விக்கக் கடல் நீரையே பாய்ச்ச வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூன் முதல் ஜியோலைட் என்னும் கனிப்பொருள் நிரப்பிய தொட்டிகளில் சீசியத்தைப் பிடித்தார்கள். பின்னர் அறுபதுக்கு மேற்பட்ட கதிரியக்கப் பொருள்களைப் பிடிக்கும் பெரிய சாதனம் ஒன்றையும் நிறுவினார்கள். மனித சாமர்த்தியத்துக்கு அது ஓர் உதாரணம். எனினும் டிரிட்டியம் மட்டும் அகப்படவில்லை. அது ஜலத்தில் கரைந்த பொருளாக அன்றி ஜலமாகவே இருப்பதால் எந்த உறிஞ்சிக்கும் சிக்காது. அந்த ஜலத்தைக் கலந்து மெலிவித்து 2023 ஆகஸ்டு 24-ஆம் தேதி முதல் கடலில் விடத் தொடங்கியதும், செம்படவரும் அண்டை நாட்டாரும் எழுப்பிய கூக்குரலை உலகம் கேட்டது. ஆனால் யாரும் அதிகம் பேசாத ஒரு காட்சியும் அங்கே உண்டு. சீசியத்தை விழுங்கிய உறிஞ்சித் தொட்டிகள் வரிசை வரிசையாக அந்த வளாகத்திலேயே நிற்கின்றன. கடலுக்குப் போனதைப் பற்றி ஊர் பேசிற்று. கரையில் நிற்பதைப் பற்றிக் காவற்காரன் ஒருவனே கவலைப்படுகிறான்.

சீசியத்தின் அரை ஆயுள் முப்பது வருஷம். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய முன்னூறு வருஷம் செல்லும். முன்னூறு வருஷம் என்பது எவ்வளவு என்று கடலூர்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்னூறு வருஷத்துக்கு முன் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை கும்பினியாரின் கொடியோடு நின்றது. 1758-இல் பிரெஞ்சுக்காரர் அதைத் தகர்த்தார்கள். நாட்டையே விழுங்கிய அந்தக் கும்பினியும் 1874-இல் கலைக்கப்பட்டது. கோட்டை கட்டி, படை வைத்து, வரி வாங்கிய கம்பெனியே முன்னூறு வருஷம் தாங்கவில்லை என்றால், பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் பதிவான ஒரு கம்பெனி இந்த மணிகளை முன்னூறு வருஷம் காத்துத் தரும் என்று எந்த நியாயாதிபதி நம்புவார்?

தூர தேசத்து உதாரணம் வேண்டாம் என்பவர்களுக்கு இங்கேயே உண்டு. 2010-இல் டில்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்காரர்கள் கோபால்ட் கதிரால் வெந்தார்கள், ஒருவர் இறந்தார். அந்தக் கருவி வந்தது எங்கிருந்து? டில்லி சர்வகலாசாலையின் ரசாயனப் பகுதியில் வெகுகாலம் உபயோகமின்றிக் கிடந்து ஏலத்தில் போனது அது. படித்தவர்களின் இடத்திலேயே, உடையவர் இன்னார் என்ற நினைவு இருபத்தைந்து வருஷத்தில் மறைந்தது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை, இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை மலையாகக் குவித்துவிட்டுப் போயிற்று. மழைதோறும் மஞ்சள் நீர் பாலாற்றுப் பக்கம் கசிகிறது. லாபத்துக்குப் பங்குதாரர் இருந்தார்கள். குவியலுக்கு ஒருவரும் இல்லை.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. வேலூர் பிரஜைகள் நல மன்றம் தொடுத்த தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றும், கெடுதி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் தொழில் நடத்துவோனையே சேரும் என்றும் தீர்ப்பளித்தது. நமது மாகாணத்து வழக்கில் பிறந்து நாடெங்கும் பிரமாணமாகிய தீர்ப்பு அது. அதைக் கூட்டு உறிஞ்சிகளுக்கும் பொருத்துவதில் என்ன தடை இருக்கிறது? ஜலத்தைச் சுத்தி செய்யும் எந்த நிலையத்துக்கும் அனுமதி அளிக்கும் காகிதத்திலேயே, நிரம்பிய உறிஞ்சியின் உடைமைக்காரர் பெயரும், அதைக் கெட்டியாக்கும் முறையும், வைக்கும் இடமும் எழுதப்பட வேண்டும். கம்பெனி கலைந்தாலும் கலையாத வைப்புநிதி ஒன்று சர்க்கார் கஜானாவில் முன்கூட்டியே கட்டப்பட வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015-இல் வெள்ளத்தையும் கண்ட ஜில்லாவில், வைக்கும் இடம் ஆற்றங்கரையாகவோ கடற்கரையாகவோ இருத்தல் கூடாது.

சிப்காட் கிராமத்தார் காத்திருந்து சலித்தவர்கள். 2004-இல் உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு அங்கே வந்து பார்த்தது. அதே ஆண்டில் கிராமத்தாரே தமக்குள் ஒரு கண்காணிப்புச் சங்கம் அமைத்து, காற்றின் நாற்றத்தைத் தேதி வாரியாகக் குறித்து, வாளியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எழுத்தறிவு குறைந்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் செய்த காரியம் அது. காற்றை வாளியில் பிடித்தவர்களுக்கு ஜலத்தைக் குடத்தில் பிடிப்பது கடினமன்று. அளக்கும் கருவியும் அளக்கத் தெரிந்தவருமே வேண்டும்.

அண்ணாமலை சர்வகலாசாலை 1929-இல் ஒரு தனவந்தரின் கொடையால் எழுந்தது. 2013 முதல் மாகாண சர்க்காரின் நேர் நிர்வாகத்தில் பொதுஜன வரிப்பணத்தால் நடக்கிறது. ஆதலால் கேட்க நமக்கு உரிமை உண்டு. உப்பனாறு, பரவனாறு, பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி ஆகிய நான்கின் ஜலத்தை மாதந்தோறும் எடுத்து, அதில் யுரேனியமும் ஈயமும் காட்மியமும் குரோமியமும் எவ்வளவு என்று அளந்து, மறைக்காமல் வெளியிடட்டும். பரங்கிப்பேட்டை இறால் ஓட்டில் செய்த மணிகளை அந்த ஜலத்திலேயே ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். நல்ல முடிவை மட்டுமன்றி, தோற்றதையும் எழுதட்டும். மணிகள் நிரம்பியதும் அவற்றை என்ன செய்தார்கள் என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு பாராவாவது தமிழில் சேர்க்கட்டும். இதற்குப் பெரும் பொருள் செலவாகாது. மாசு கட்டுப்பாட்டு வாரியம் சாம்பிள் எடுக்க அனுமதி மறுக்காதிருந்தால் வருகிற வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முதற் குடத்தை எடுத்துவிடலாம்.